‘நெஜமாவே நடந்ததா?’ – ‘ரிமெம்பர் த டைட்டன்ஸ்’ படமும் பார்த்தவர்கள் சிந்திய கண்ணீரும்

‘ரிமெம்பர் த டைட்டன்ஸ்’ படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பெற்றோர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. கதை முடிந்து, இன்னின்னார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்ற வரிகள் திரையில் வரும். அப்போது பக்கத்திலிருந்து குரல் எழும்: "அப்பா, இதெல்லாம் நெஜமாவே நடந்ததா?" முதல் தடவை நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆமாம்மா, உண்மைக் கதைதான்" என்று சொல்லிவிட்டேன். இன்று அவ்வளவு சுலபமாக அந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன். படம் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உண்மைச் சம்பவத்தை ஆதாரமாகக் கொண்ட படத்தைப் பார்த்து நாம் அழும்போது, எதற்காக அழுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படம். தயாரிப்பு ஜெர்ரி ப்ரக்ஹைமர், இயக்கம் போவாஸ் யாக்கின், திரைக்கதை கிரெகரி ஆலன் ஹோவர்ட். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அலெக்ஸாண்ட்ரியா நகரில் 1971-இல் நடக்கிறது கதை. வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்படுகிறார்கள். அந்த டி.சி. வில்லியம்ஸ் பள்ளியின் ஃபுட்பால் அணிக்கு ஹெர்மன் பூன் என்ற கறுப்பினத்தவர் தலைமைக் கோச்சாகிறார். இந்த வேடத்தில் டென்சல் வாஷிங்டன். அனுபவத்தில் மூத்த வெள்ளைக்காரக் கோச் பில் யோஸ்ட் அவருக்குத் துணையாக வேலை பார்க்க நேர்கிறது. இந்த வேடத்தில் வில் பாட்டன். முறைத்துக்கொண்டு நிற்கும் பையன்கள் பயிற்சி முகாமில் ஒன்றாகிறார்கள், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வெல்கிறார்கள். (ஃபுட்பால் என்றதும் நம் கால்பந்தை நினைத்துவிடக் கூடாது. இது தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். அதன் விதிகள் எனக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. படத்தை ரசிக்க அது தடையாகவும் இல்லை.)

பார்த்தவர்கள் இப்படத்தைக் கொண்டாடினார்கள் என்றால் மிகையில்லை. அமெரிக்காவில் படம் வெளியாகும் அன்றே, தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்கும் வழக்கம் ஒன்று உண்டு, ‘சினிமாஸ்கோர்’ என்பார்கள். அதில் இப்படம் பெற்றது ‘ஏ பிளஸ்’. மிகச் சில படங்களுக்கே கிடைக்கிற மதிப்பெண் அது. விமர்சகர்கள் இவ்வளவு மயங்கவில்லை. நல்ல படம்தான், ஆனால் எல்லாம் ரொம்ப ஒழுங்காக முடிகிறது என்பது போன்ற முணுமுணுப்பு அவர்களிடம் இருந்தது. ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு மூன்று கொடுத்தார். ஆனாலும் வகுப்பறைகளில் ஆசிரியர்கள் இதைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச்சுகள் தங்கள் பையன்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 2008 நவம்பரில் பராக் ஒபாமா சிகாகோவில் வெற்றி உரை ஆற்றி முடித்ததும் மைதானத்தில் முழங்கியது, ட்ரெவர் ராபின் இப்படத்துக்காக அமைத்த இசைதான். ஒரு விளையாட்டுப் படத்தின் பின்னணி இசை அந்த இடம்வரை போயிற்று.

இன்னொரு வகைப் பார்வையாளர்களும் உண்டு. சொந்த ஊரையும் அந்தக் காலத்தையும் அறிந்தவர்கள், ஆட்டக் கணக்குகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள். "இது இப்படி நடக்கவே இல்லையே!" என்பது அவர்கள் கட்சி. அவர்களிடம் நீண்ட பட்டியலே இருக்கிறது. படத்தில் மாநில இறுதி ஆட்டம் மார்ஷல் பள்ளியோடு நடக்கிறது, கடைசி நொடியில்தான் வெற்றி கிட்டுகிறது. நிஜத்தில் மார்ஷல் பள்ளியோடு ஆடியது பருவத்தின் நடுவில். இறுதி ஆட்டம் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியோடு. டைட்டன்ஸ் 27-0 என்று மிகச் சுலபமாக ஜெயித்தார்கள். அணித் தலைவன் கெர்ரி பெர்ட்டியர் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது நிஜம்தான். ஆனால் படம் காட்டுவதுபோல் இறுதி ஆட்டத்துக்கு முன்பு இல்லை, ஆட்டமெல்லாம் முடிந்து, பாராட்டு விருந்தும் நடந்த பிறகு. யோஸ்டுக்கு ஒரே மகள் என்று காட்டுகிறார்கள். அவருக்கு நான்கு பெண்கள். படம் எடுத்ததுகூட வர்ஜீனியாவில் இல்லை, ஜார்ஜியா மாநிலத்தில்.

இந்தப் பட்டியலைப் பார்த்து எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் வரவில்லை. நான்கு பெண்களை ஒரு பெண்ணாக்கியதால் யாருக்கு என்ன நஷ்டம்? விபத்தைச் சில நாட்கள் முன்னால் நகர்த்தியதால்தான் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி கிடைக்கிறது. உறவினருக்கு மட்டுமே அனுமதி என்று நர்ஸ் தடுக்க, படுக்கையில் கிடக்கும் வெள்ளைப் பையன், வாசலில் நிற்கும் கறுப்பின நண்பன் ஜூலியஸ் கேம்ப்பெல்லைத் தன் சகோதரன் என்று சொல்லி உள்ளே விடச் சொல்கிறான். ஜாடை தெரியவில்லையா என்று கேட்கிறான். ரயான் ஹர்ஸ்ட், வுட் ஹாரிஸ் இருவரும் அந்த இடத்தில் நடிப்பதாகவே தெரிவதில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கதைக்காகக் காலத்தை இழுத்துக்கொள்வது கதைசொல்லிகள் காலங்காலமாகச் செய்வதுதான்.

நான் ஆட்சேபிப்பது வேறொன்றை. பட்டியல் போடுகிறவர்களில் பலரும் அதை மற்ற தவறுகளோடு தவறாக, பத்தோடு பதினொன்றாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். படத்தைப் பார்த்தால், 1971-இல்தான் அந்த ஊரில் கறுப்பினக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் முதன்முதலாக ஒரே பள்ளி வாசலில் கால் வைத்ததுபோல் இருக்கும். பள்ளி திறக்கிற நாளன்று வாசலில் கூட்டமும் கூச்சலுமாகக் கிடக்கிறது. எதிரணிகளெல்லாம் வெள்ளையர் அணிகளே என்று கோச் பூன் வேறு சொல்கிறார். நடந்தது அதுவல்ல. டி.சி. வில்லியம்ஸ் பள்ளி 1965-இல் தொடங்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கென்றே நகரில் இருந்த பார்க்கர்-கிரே உயர்நிலைப் பள்ளி அதே ஆண்டு மூடப்பட்டது. 1971-இல் நடந்தது வேறு ஏற்பாடு. நகரில் இருந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்றிலுமே இரு இனத்தவரும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பள்ளிகளிலும் அப்படித்தான்.

ஆறேழு வருஷ வித்தியாசம்தானே, இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். அந்த வருஷங்களுக்குள்தான் சமாசாரமே இருக்கிறது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா அதை ஏற்க மறுத்தது. செனட்டர் ஹாரி பைர்ட் தலைமையில் ‘முழு எதிர்ப்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்து நடத்தினார்கள். பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டத்தில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளிகளையே இழுத்து மூடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஐந்து வருஷம்! ஒரு குழந்தைக்கு அது எத்தனை வகுப்பு என்று எண்ணிப் பாருங்கள். அலெக்ஸாண்ட்ரியாவிலும் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அப்படி வழக்கில் சேர்ந்த ஒரு தாய், நகரத்துப் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். 1958-இல் அந்த ஒரே காரணத்துக்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியவர் நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரி. அவர் பெயர் தாமஸ் சேம்பிளிஸ் வில்லியம்ஸ். சுருக்கமாக டி.சி. வில்லியம்ஸ்.

ஆமாம், அதே டி.சி. வில்லியம்ஸ்தான். இனப் பிரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரின் பெயரைத் தாங்கிய பள்ளியில்தான் படத்தின் இன ஒற்றுமைக் கதை முழுவதும் நடக்கிறது. இதை இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. திரைக்கதை எழுதியவருக்கு இதைவிடப் பெரிய நாடகம் எங்கே கிடைத்திருக்கும்!

இதனால் பார்வையாளர்களுக்கு என்ன ஆகிறது என்றால், துவேஷம் என்பது மனசில் இருக்கிற ஒரு அழுக்கு, ஒரு நல்ல கோச்சும் இரண்டு வார முகாமும் கிடைத்தால் கழுவிவிடலாம் என்கிற நிம்மதியோடு வெளியே வருகிறார்கள். முகாம் காட்சிகள் நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. மாற்று இனத்துப் பையன்களோடு பேசி, அவர்கள் வீட்டைப் பற்றி, விருப்பு வெறுப்பு பற்றித் தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும் என்று பூன் கட்டளை இடுகிறாரே, அந்த இடம் அருமை. கூட இருக்கிறவன் வீட்டில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் பழகுகிற நமக்கும் அது உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பையன்கள் அந்த முகாமுக்கு ஒரே பஸ்ஸில் போக முடிந்ததற்கு, வேலையை இழந்த சமையல்காரத் தாயும் ஒரு காரணம். அவருக்குப் படத்தில் ஒரு காட்சிகூடக் கிடையாது. கோர்ட்டு படியேறியவர்களின் பலனை ஆட்டக்காரர்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

பூன் பாத்திரத்துக்கு வந்த வரவேற்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது தண்ணீர் கேட்கும் பையனுக்குத் தண்ணீர் தர மறுக்கிறார், அகாலத்தில் எழுப்பிக் காட்டு வழியே கெட்டிஸ்பர்க் போர்க்களம் வரை ஓட விடுகிறார். பார்க்கிற பெற்றோர், "இப்படி ஒரு வாத்தியார் கிடைச்சா நம்ம பிள்ளை உருப்படும்" என்கிறார்கள். நம் ஜனங்களுக்குக் கண்டிப்பான வாத்தியார் மேல் எப்போதுமே ஒரு தனி மோகம்! டென்சல் வாஷிங்டனின் குரலும் நடையும் அதற்கு மேல் நெய் ஊற்றுகின்றன. நிஜமான பூன், ஆட்டக்காரர்களை நடத்திய விதம் பற்றிய புகார்களுக்கிடையே 1979-இல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். படம் அதைச் சொல்லவில்லை. படம் வெளியான பிறகு ஊர் ஊராக அழைக்கப்பட்டுப் பேசினார், 2019-இல் காலமானார். யோஸ்டும் அதே ஆண்டுதான் மறைந்தார். 1979 சங்கதியால் 1971-இல் அவர் சாதித்தது பொய்யாகிவிடாது. ஆனால் தண்ணீர் தராத காட்சியில் கை தட்டுகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு தட்டினால் நல்லது.

இன்னொரு வேடிக்கை. உண்மைக் கதை, படத்தைவிடச் சிக்கலானது, அதனாலேயே சுவாரஸ்யமானது. மூன்று பள்ளிகளின் அணிகள் ஒன்றானபோது, நேற்றுவரை எதிரெதிரே மோதிய பையன்கள் இன்று ஒரே சீருடைக்குப் போட்டி போட வேண்டியதாயிற்று. நேற்று தன் பள்ளியில் ஹீரோவாக இருந்தவன் இன்று ஓரத்தில் உட்கார நேரிடும். அந்த எரிச்சலுக்குக் கறுப்பு வெள்ளை என்ற கணக்கு மட்டும் போதாது. மூன்று ஊற்றும் ஒரே கிணற்றில் சேர்ந்ததால் அணி அசுர பலம் பெற்றது. பதின்மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. அதில் ஒன்பதில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. படம் இவர்களைத் தட்டுத்தடுமாறி ஜெயிக்கிற எளியவர்களாகக் காட்டுகிறது. நிஜத்தில் இவர்களைக் கண்டு மற்றவர்கள் நடுங்கியிருக்க வேண்டும். பலசாலிகளின் கதைக்கு யார் அழுவார்கள்? அதனால் கடைசி நொடி வெற்றி தேவைப்பட்டது.

இப்போது என் மகள் கேட்டால் என்ன சொல்வேன்? அந்தப் பையன்கள் நிஜம், அந்த நட்பு நிஜம், பெர்ட்டியரின் சக்கர நாற்காலி நிஜம், அதில் இருந்தபடியே அவன் போட்டிகளில் பதக்கம் வாங்கியதும் நிஜம் என்பேன். 1981-இல் இன்னொரு கார் விபத்தில் அவன் இறந்தான். படம் தொடங்குவதும் முடிவதும் அந்த இறுதிச் சடங்கில்தான். அப்புறம் அந்தச் சமையல்காரத் தாயின் கதையைச் சொல்வேன். அதற்குக் கொஞ்சம் நேரமாகும். படம் முடிந்தவுடனே பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் என்பதுதான் சிரமம்.

2020-இல் அலெக்ஸாண்ட்ரியா பள்ளிக் குழு அந்தப் பெயரை எடுத்துவிட முடிவு செய்தது. 2021 முதல் அது ‘அலெக்ஸாண்ட்ரியா சிட்டி உயர்நிலைப் பள்ளி’. அணியின் பெயரை மாற்றவில்லை. அது இன்றும் டைட்டன்ஸ்தான்.