மாரின்ஸ்கி மரபும் பழைய இசைத்தட்டுகளும்

ருஷ்ய ஓபராவின் வாத்திய இசையைத் தாங்கிவந்த ஆதி இசைத்தட்டுகளைப் பற்றி மலருக்கு எழுதவேண்டுமென்று நம் சங்கத்துப் பெரியோர்கள் பணித்தபோது, கிளிங்கா முதல் ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் வரையுள்ள சரித்திரத்தை அங்கத்தினர்களுக்கு நான் விஸ்தரிக்கவேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் இசைந்தேன். ஸூக், கொலொவானோவ் என வளர்ந்த மாஸ்கோ சம்பிரதாயத்தை, அதில் ஊறிய அன்பர்கள் எழுதுவதே முறை.

என் ஆசிரியர் எனக்குக் காட்டியது பீட்டர்ஸ்பர்க் வழி. 1869 முதல் நெடுங்காலம் மாரின்ஸ்கி அரங்கைக் கட்டி ஆண்ட நாப்ராவ்னிக்கின் கண்டிப்பையும், லைப்ஸிக்கில் நிகிஷிடம் பெற்ற சிக்ஷையையும் ஒருங்கே சுமந்தவர், அந்நகரிலேயே 1882-இல் பிறந்த ஆல்பர்ட் கோட்ஸ். 1919-இல் ருஷ்யாவை விட்டு வெளியேறியபின் லண்டனில் அவர் நடத்திப் பதிவான ‘இளவரசன் ஈகோர்’ நடனங்களைக் கேட்டால், அரங்கத்தில் ஆடுபவரின் மூச்சையறிந்து வாத்தியங்களை ஓட்டிய கை அது என்பது விளங்கும். வேகம் அதிகமென்று சிலர் குறைகூறினாலும், அந்த வேகத்தில் தாளம் ஒருபோதும் தளர்வதில்லை.

1925-இல் மின்சாரப் பதிவு வருமுன் வாத்தியக்காரர்கள் ஒரு கொம்பின் வாயருகே நெருக்கியடித்து வாசித்தார்கள். தந்திவாத்தியங்களின் கீழ்ஸ்தாயி பதியாததால் டியூபா அவ்விடத்தை நிரப்பியது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிஷம்போல்தான் கொள்ளுமாதலால் உருப்படிகள் வெட்டுண்டன. அத்தனைக்கும் அடியில் உயிர்நாதம் நிற்கிறதே, அதுதான் பெருமை.

எழுபத்தெட்டுச் சுற்று என்ற வழக்கை நம்பிப் பழைய தட்டுகளைச் சுழலவிடலாகாது என்பார் என் ஆசிரியர். ‘ருஸ்லான்’ முன்னிசை டி மேஜரில் அமைந்தது. ஈ-ஃபிளாட்டில் ஒலித்தால் சுழற்சி மிஞ்சிவிட்டதென்று பொருள். ஸ்வரப்பிரதியைப் பக்கத்தில் வைத்துச் சுருதி கூட்டிய பின்னரே அவர் கேட்க உட்காருவார்.

இன்று மறுபதிவு செய்வோரில் சிலர், எவரையும் குறித்துச் சொல்லவில்லை, நல்லெண்ணத்தோடு செய்வோரும் உளர், ஊசியின் இரைச்சலைப் போக்குகிறோமென்று வயலின்களின் மேல்நாதத்தையும் ஜால்ராவின் பளபளப்பையும் சேர்த்தே அரித்துவிடுகிறார்கள், சுருதியைச் சோதிப்பதுமில்லை. இப்படிக் கேட்டு வளரும் செவி கோட்ஸை எங்ஙனம் அறியும்? ஒரு மரபைத் தீயிட்டு அழித்தாலும் சாம்பலாவது சாட்சி சொல்லும். இதில் அதுவும் மிஞ்சாது. இதைவிடக் கொடிய அநீதி நம் காலத்தில் சங்கீதத்துக்கு நேர்ந்ததில்லை என்றே கருதுகிறேன்.

பழைய தட்டுகளை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் அவற்றை மறுபதிவுக்குக் கொடுக்குமுன் சரியான சுழற்சியைக் கண்டு குறித்து உறையில் இடவேண்டும். இரைச்சல் நீக்காத பிரதியொன்றைச் சங்கத்திடம் அவசியம் ஒப்படைக்கவேண்டும்.