இரண்டு கைக் கோவில்

1838-இல் அமெரிக்காவில் மேரிலாண்டு யேசு சபைப் பாதிரிமார் 272 அடிமைகளை விற்று, ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனில் ஒரு பகுதியை அடைத்த கதையைக் கடையநல்லூர் நண்பர் ஒருவர் சொல்லிக் கொதித்தார். கொதிக்க வேண்டிய சங்கதிதான். ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூலை அவர் கையில் கொடுத்தேன். "இது நம்ம பக்கத்துச் சமாசாரம், வேறே" என்றார்.

வேறேதான். இங்கே யாரையும் விற்கவில்லை, பிரித்து நிறுத்தினார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் அதே சபையார் எழுப்பிய கோவிலுக்கு இரண்டு கைகள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். பீடம் மட்டும் பொது. கால்சட்டைக் கோவில் என்றே பெயர் வந்துவிட்டது. சாதியைச் சகித்துக்கொள்வது ஒன்று; அதற்குக் கல்லும் சுண்ணாம்பும் கொடுப்பது இன்னொன்று அல்லவா? 1910-இல் கௌசானல் பாதிரியார் தடுப்பை எடுத்தார். வெள்ளாளர் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை ஹைக்கோர்ட் அவர்கள் கட்சியை ஏற்கவில்லை. கட்டியதும் யேசு சபை, இடித்ததும் யேசு சபை.

ஆசிரியர் குரலை உயர்த்தாமல் எழுதுகிறார், அதுவே பலம். ஆனால் நான் கதைக்காரன், எனக்கு ஒரு மனக்குறை. பூசைக்கு நடுவே ஆசீர்வதிக்கத் திரும்பும் சாமியாருக்கு மட்டும் இரு கைகளும் ஒருசேரத் தெரிந்திருக்கும். அவர் மனசில் என்ன ஓடியது? தஸ்தாவேஜு அதைச் சொல்லாது.

நண்பர் புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.