குடிலின் பின்பக்கம்

டிசம்பர் இரவுகளில் குழித்துறையிலிருந்து மார்த்தாண்டம், கருங்கல், முளகுமூடு என்று எந்தப் பக்கம் போனாலும் வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் போக வேண்டும். சாலையோரத்தில் மலை முளைத்திருக்கும், அதில் அருவி விழும், அடியில் ஒரு குகைக்குள் குழந்தை இயேசு படுத்திருப்பார். பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வரும் பையன்கள் கைக்காசு போட்டு, தூக்கத்தை விட்டு எழுப்பிய கிறிஸ்துமஸ் குடில்கள் அவை. கூலி கிடையாது. ஆசைக்காகச் செய்யும் கைவேலை ஊர் ஊராக உயிரோடிருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே, நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு நகர மனம் வரவில்லை.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல், தீவனத்தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். நம் பையன்கள் அங்கேயிருந்து வெகுதூரம் வந்துவிட்டார்கள். இங்கே தச்சர் இழைப்புளி தள்ளுகிறார், பெண் கிணற்றில் நீர் இறைக்கிறாள், ஆடு தலையாட்டுகிறது.

இந்த அசைவுகளுக்கு ஏற்ற பொருள் பழைய வண்டியில் கழற்றிய வைப்பர் மோட்டார். அதைத் தேர்ந்தவனின் கெட்டிக்காரத்தனத்தைத்தான் முதலில் மெச்ச வேண்டும். 12 வோல்ட்டில் ஓடுவதால் ஈரக்கை பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளேயே பல்சக்கரம் இருப்பதால் மெதுவாக, ஆனால் வலுவாகச் சுற்றும். மின்விசிறி மோட்டாரை நேரே மாட்டினால் தச்சர் பேய் பிடித்தவர்போல் இழைப்பார். சுற்றும் தண்டில் ஒரு தகட்டை மாட்டி, மையத்திலிருந்து சற்றுத் தள்ளித் துளை போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியைப் பொம்மையின் கைக்குக் கொண்டுபோனால் சுழற்சி முன்னும் பின்னுமான அசைவாக மாறிவிடும். துளை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, கம்பி அதைப்போல் இரு மடங்கு போய்வரும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் துளையை மாற்றி மாற்றிப் போட்டு இதைக் கண்டடைந்தவனுக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. பாறையும் அப்படியே. சாக்கைச் சிமென்ட் கரைசலில் முக்கி மூங்கில் சட்டத்தின்மேல் போர்த்தி, மடிப்பு விழுகிற இடமறிந்து விரலால் அழுத்த வேண்டும். நெல்லை முளைக்கவிட்டு வயல் அமைப்பவர்கள் நாள் பார்த்து விதைக்கிறார்கள். முந்தினால் பண்டிகைக்குள் பயிர் மஞ்சளாகும், பிந்தினால் மண்தான் தெரியும்.

இந்தப் பெருமையைக் கெடுப்பது குடில் போட்டி. பரிசு என்று வந்ததும் அளவு முந்திக்கொள்கிறது. முன்பக்கம் நின்று சிறிதுநேரம் பார்த்துவிட்டுப் போகிற நடுவரின் கண்ணில் உயரமும் வெளிச்சமும்தான் படும். ஆகவே வாடகை விளக்குப் பலகை, கடையில் வாங்கிய குகை, தெர்மோகோல் மலை. (தெர்மோகோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மலைக்கு ஏன் விதிவிலக்கு என்று பையன்களே யோசிக்கலாம்.) சுரூபத்தைக் கடையில் வாங்குவதில் குறையில்லை. யோசனையையும் சேர்த்து வாங்கிவிட்டால் 'எங்க குடில்' என்று சொல்ல அதில் என்ன மிச்சம்?

இன்னொரு குறை மறதி. ஜனவரியில் எல்லாம் பிரிக்கப்படுகிறது. பிரிப்பது சரி, சாலை எல்லாருக்கும் சொந்தம். ஆனால் ஒரு படமோ அளவோ எழுதி வைக்கப்படாவிட்டால், கம்பி வேலை தெரிந்த அண்ணன் வளைகுடாவுக்கு விமானம் ஏறும்போது வித்தையும் கூடவே ஏறிவிடும். அடுத்த வருடம் தம்பிகள் முதல் துளையிலிருந்து தொடங்க வேண்டும். இரவு வேலை என்ற சாக்கில் பெண்பிள்ளைகளை வேடிக்கை பார்க்க மட்டும் விடுவதும் இந்த வித்தையின் வட்டத்தைப் பாதியாகக் குறைக்கிறது.

மன்னிக்க முடியாத குறை மின்சாரம். 2025 மார்ச் 1 அன்று இனயம் புத்தன்துறை ஆலயத் திருவிழா வேலையில் இரும்பு ஏணி உயரழுத்தக் கம்பியில் பட்டு நால்வர் இறந்தார்கள். அது குடில் வேலையல்ல. ஆனால் குடிலுக்கு நட்சத்திரம் கட்டவும் அதே மாதிரி ஏணியில்தான் ஏறுகிறார்கள். பொம்மைக்கு 12 வோல்ட் போதும் என்று யோசித்த அதே புத்தி, அருவி மோட்டாருக்கும் சீரியல் லைட்டுக்கும் 230 வோல்ட்டை ஈரச்சாக்கின் மேலேயே கொண்டுபோகிறது, இணைப்பில் டேப் மட்டும் சுற்றி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி இருக்கிறது. பெரிய குடிலின் செலவில் அதன் விலை ஒரு மூலைக்குக் காணாது.

2014-இல் கோட்டாறிலிருந்து பிரிந்து உருவான குழித்துறை மறைமாவட்டத்தின் பங்குகளுக்கும், சிஎஸ்ஐ சபைகளுக்கும், போட்டி நடத்தும் கிளப்புகளுக்கும், படிப்பகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் நடுவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போங்கள். பாதி மதிப்பெண்ணை அங்கே வைத்துப் போடுங்கள். ஆர்சிசிபி இல்லாத குடிலைப் போட்டியில் சேர்க்காதீர்கள். பரிசு வாங்க வருபவர்கள் தாங்கள் செய்த ஒரு அசைவின் வரைபடத்தையாவது கொடுத்துவிட்டு வாங்கட்டும். அதைப் படிப்பக அலமாரியில் வைத்தால் அடுத்த வருடப் பையன்களும் பெண்பிள்ளைகளும் எடுத்துப் பார்ப்பார்கள்.