பேராதனைச் சஞ்சிகையும் மேற்கோளின் ஆயுளும்

விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றின் தகுதியை, அதிலே வெளிவந்த கட்டுரைகள் பிறரால் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டன என்ற எண்ணிக்கையால் நிர்ணயிக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்ட இக்காலத்தில், திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றைப் போன்றதொரு கடலோரப் பிரதேசத்தின் மரஞ்செடிகொடிகளை ஆராய்கிறவனுக்கு அந்த வழக்கம் நியாயம் செய்கிறதா என்று விசாரிப்பது அவசியமாகிறது. வெருகலாற்றுக்கும் கொட்டியாரக்குடாவுக்கும் இடையே, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வறண்ட காடும், கண்டலும் தில்லையும் அடர்ந்த உவர்நிலமும் அடுத்தடுத்து அமைந்த இப்பிரதேசத்தின் தாவரங்களைப் பற்றி எவர் எழுதப் புகுந்தாலும், பழைய ஆதாரத்தைத் தேடிப் பேராதனைக்கே போகவேண்டியிருக்கிறது. ஆகவே பேராதனைத் தாவரவியற் பூங்காவின் சஞ்சிகையையே இவ்விசாரணைக்கு உரைகல்லாகக் கொள்வோம்.

அப்பூங்காவின் அதிபராக 1896ஆம் ஆண்டில் வந்த ஜோன் கிறிஸ்தோபர் வில்லிஸ், 1901ஆம் ஆண்டில் 'அனல்ஸ் ஒஃப் த ரோயல் பொட்டானிக் கார்டன்ஸ், பேராதெனிய' என்ற சஞ்சிகையை ஆரம்பித்தார். 1924ஆம் ஆண்டில் அது 'சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்' என்பதன் தாவரவியற் பகுதியாயிற்று. அப்பெயர் தாங்கிய சஞ்சிகையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இன்றும் வெளியிட்டு வருகிறது. முதற் பத்தாண்டுத் தொகுதிகளைப் புரட்டினால், பெயரிட்டு வகைப்படுத்தும் வேலையோடு நின்றுவிடாமல், தாவரத்தின் வாழ்க்கையையே ஆராயும் நோக்கம் மேலோங்கி வருவது புலனாகும். ஆற்றுப் பாறைகளை ஒட்டி வளரும் பொடஸ்டெமேசியே குடும்பத்தைப் பற்றி வில்லிஸ் 1902இல் எழுதினார். கருங்காலியின் பேரினத்தை 1904இல் ஆராய்ந்த ஹேர்பேட் ரைட், மறு ஆண்டிலேயே இலங்கை மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவங்களைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வரைந்தார். 1906இல் தொமஸ் பெச் என்ற காளான் ஆராய்ச்சியாளர் கறையான் புற்றுக்குள் விளையும் காளான்களைப் பற்றி எழுதினார்.

பெச் ஆராய்ந்த பொருள் நம் ஈச்சிலம்பற்று ஊரவர்களுக்கு அந்நியமானதன்று. மாரி மழை பிடித்து மண் நனைந்ததும் புற்றின் மேலே குடை விரிக்கும் காளானைப் பிடுங்கிக் கறியாக்குவது இப்பக்கத்தில் வழக்கம். அக்காளானின் அடியைப் பற்றிக்கொண்டு புற்றைத் தோண்டிப் போனால், அறைக்குள்ளே கறையான்கள் தின்று கழித்த மரத்தூளால் கட்டிவைத்த, கடற்பஞ்சு போன்ற கூடும், அக்கூட்டின்மேல் குண்டூசித் தலையளவில் முளைத்திருக்கும் வெண்மணிகளும் தென்படும். அவற்றையெல்லாம் பெச் பொறுமையாக விவரித்து வைத்தார்; அவ்வகைக் காளான்களுக்கெனத் தனிப் பேரினம் ஒன்றை ரொஜர் ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர் 'டெர்மிட்டோமைசஸ்' என வகுத்ததோ 1942ஆம் ஆண்டில். இரண்டுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன.

இனி, மேற்கோட் கணக்கு எவ்வாறு இயங்குகிறதென்று பார்ப்போம். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்மொழிந்து 1964இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விஞ்ஞான மேற்கோள் அட்டவணையிலிருந்து பிறந்ததே 'தாக்கக் காரணி' என்ற எண். ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டில் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அவ்விரண்டு ஆண்டுகளின் கட்டுரைத் தொகையால் வகுத்தால் வருவது அது. எந்தச் சஞ்சிகைகளுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் தீர்மானிப்பதற்கு உதவியாக வளர்ந்த இவ்வளவை, காலக்கிரமத்தில் உத்தியோக உயர்வுக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் அளவுகோலாகிவிட்டது. ஈராண்டுக்குள் ஒரு கண்டுபிடிப்பு அடுத்த கண்டுபிடிப்பால் பழசாகிப் போகும் துறைகளுக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தலாம். முப்பத்தாறு ஆண்டுகளில் கனியும் தாவர சாஸ்திரத்துக்கோ, விதை முளைக்குமுன்னே விளைச்சலைக் கேட்கும் கணக்காகவே அது முடிகிறது.

அன்றியும், தாவர சாஸ்திரத்திலே மேற்கோள் காட்டுவதற்கென்றே தொன்றுதொட்டு வந்த முறை ஒன்று உண்டு. அதை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. திருகோணமலை மரம் என்று வியாபார உலகில் பெயர் பெற்றதும், திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி அங்கே மசூலாப் படகு கட்ட உபயோகமானதுமான சமண்டலையை எடுத்துக்கொள்வோம். அதன் சாஸ்திரப் பெயர் 'பெர்ரியா கோர்டிஃபோலியா' என்றும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் வில்டெனோ என்ற தாவர அறிஞரின் பெயரும், வெளியே பூரெட் என்ற தாவர அறிஞரின் பெயரும் எழுதப்படும். 1801இல் வில்டெனோ வேறொரு பேரினத்தின்கீழ் வருணித்த மரத்தை, 1926இல் பூரெட் இப்பேரினத்துக்கு மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் அந்த ஒற்றை வரியில் அடங்கியிருக்கிறது. சமண்டலையைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவனும் இவ்விருவரையும் வணங்கியே எழுதுகிறான். ஆயினும் கட்டுரை இறுதியிலுள்ள நூற்பட்டியலில் அவர்கள் இடம்பெறாத காரணத்தால், கணக்கில் அவர்களுக்குக் கிடைப்பது பூச்சியமே. திருகோணமலையில் பாதிரியாராக இருந்துகொண்டே செடிகளைச் சேகரித்துப் பேராதனைக்கு அனுப்பிய கிளெனியின் உழைப்பு, அவர் பெயரால் தாவர அறிஞர் ஹூக்கர் அமைத்த 'கிளெனியா' என்ற பேரினத்திலும், அந்நாளைய தாவர நூல்களின் இடக்குறிப்புகளிலும் நிலைத்திருக்கிறது. அதுவும் எண்ணப்படாத மேற்கோளே.

இவை எல்லாவற்றையும்விட வியக்கத்தக்க ஒரு சம்பந்தம் உண்டு. வில்லிஸுக்கு முன் பேராதனை அதிபராயிருந்த ஹென்றி டிரைமன், தமது இலங்கைத் தாவரக் கைந்நூலில் ஒவ்வோர் இனமும் மிகச் சாதாரணமானதா, மிக அரியதா என்று தரம் பிரித்து எழுதியிருந்தார். அத்தரங்களை வில்லிஸ் கூட்டிப் பார்த்தபோது, இலங்கைக்கே உரிய 809 இனங்களில் மிகச் சாதாரணமானவை 19 என்றும், மிக அரியவை 233 என்றும் கண்டார். பேரினங்களை எண்ணினாலும் இதே ஏற்றத்தாழ்வு. ஓரினமே உள்ளவை அநேகம், பல இனங்கள் உள்ளவை சில. இந்த எண்ணிக்கைகளை வரைந்தால் வரும் குழிந்த வளைகோட்டுக்கு 1925இல் புள்ளியியலறிஞர் உட்னி யூல் கணித விளக்கம் தந்தார்: இனங்கள் மிகுந்த பேரினத்திலேயே புதிய இனம் தோன்றும் வாய்ப்பும் மிகுதி. யூலின் கணிதத்தை 1955இல் பொருளியலறிஞர் ஹேர்பேட் சைமன் சொற்களுக்கும் நகரங்களுக்கும் வருமானத்துக்கும் விரித்தார். சைமனை அடியொற்றி 1976இல் விஞ்ஞான வரலாற்றறிஞர் டெரெக் டி சொல்லா பிரைஸ், மேற்கோள் பெற்ற கட்டுரையே மேலும் மேற்கோள் பெறும் என்ற கோட்பாட்டை நிறுவினார். ஆக, மேற்கோள்கள் எவ்வாறு பரவுகின்றன என்பதை விளக்கும் கணிதம், இலங்கைச் செடிகளின் கணக்கிலும் வேர் விட்டிருக்கிறது! அக்கணிதம் புகட்டும் முதற் பாடம், இத்தகைய வளைகோட்டில் சராசரி என்பது எந்த ஒரு கட்டுரையின் தகுதியையும் காட்டாது என்பதே. தாக்கக் காரணியோ வெறும் சராசரி.

சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்று 2012ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வற்புறுத்தியது. நம் பல்கலைக்கழகங்கள் அதனோடு அமையாமல், ஒரு பிரதேசத்தின் தாவரப் பட்டியலையும், உலர்தாவரச் சாலைக்கு வழங்கிய மாதிரிகளையும், ஓர் இனத்தின் முதல் வருணனையையும் சுயமான ஆராய்ச்சிப் பேறுகளாகவே மதித்து உயர்வு அளிக்கவேண்டும். இனத்தை முதலில் வருணித்த கட்டுரையைச் சஞ்சிகை ஆசிரியர்கள் நூற்பட்டியலிலேயே சேர்க்கும்படி கேட்கவேண்டும். 2004இன் ஆழிப்பேரலையும் 2006இன் போர்க்கால இடப்பெயர்வும் கடந்து மீண்டெழுந்த ஈச்சிலம்பற்றிலே, எந்த மரம் எங்கே நிற்கிறது, எப்போது பூக்கிறது என்று இன்று ஓர் இளைஞனோ யுவதியோ ஒழுங்காக எழுதி நம் நாட்டுச் சஞ்சிகையில் வெளியிட்டால், இரண்டு ஆண்டுகளில் அதை ஒருவரும் எடுத்தாளாமல் இருக்கலாம். எனினும் ரைட் குறித்துவைத்த இலையுதிர்வுக் காலங்கள், பருவநிலை மாறிவரும் இந்நாளில் ஒப்புநோக்குவதற்கு எத்துணை அவசியமாயினவோ, அத்துணை அவசியம் இக்குறிப்புகளுக்கும் ஒருநாள் வரும். அந்நாளில் அவற்றுக்கு மாற்றாக வேறெதையும் எவராலும் எழுதித் தர இயலாது என்பதே அவற்றின் மெய்யான தாக்கம்.