காண்டவத்தில் எஞ்சிய அறுவர்: செஞ்சிப் பகுதித் திரௌபதி வழிபாட்டை முன்வைத்து ஒரு வாசிப்பு

தமிழ் வழக்கு துயரை நெருப்பின் சொற்களால் பேசுகிறது. வயிறு எரிகிறது, நெஞ்சு வேகிறது, மனம் கொதிக்கிறது என்கிறோம். அத்துயர் தணிவதற்குரிய சொல் ஆறுதல். உலைச்சூடு தணிவதற்கும் புண் காய்வதற்கும் அதே வினையே வழங்குகிறது. எனவே, எரிந்த காட்டில் எஞ்சிய உயிர்கள் எவ்வாறு ஆறின என்னும் வினா, தமிழில் உருவகமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பாரதத்தின் காண்டவ தகனப் பகுதி இவ்வினாவுக்குத் தரும் விடை எளிதானதன்று. பாரதக் கதையைச் சடங்காகவே வாழவைத்திருக்கும் செஞ்சிப் பகுதியில் நின்று அதனை வாசிக்கும்போது, அவ்விடையின் கடுமை மேலும் துலங்குகிறது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் தோற்றுவாயாக அவ்வழிபாட்டினரால் போற்றப்படும் ஊர். பாரதப்போர் முடிந்து நெடுங்காலத்திற்குப்பின், செஞ்சி மன்னன் ஒருவனுக்குத் துணைபுரியத் திரௌபதி மீண்டும் தீயிலிருந்து தோன்றினாள் என்பது தலமரபு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம்வரை என்னும் வழியைத் தன் துணைத்தலைப்பாகவே கொண்டது. அவ்வழியில் காண்டவமும் ஒரு நிலை என்பது போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

காண்டவம் எரிந்தது இயற்கைச் சீற்றத்தால் அன்று. பசி கொண்ட அக்கினி கேட்டான். கண்ணனும் அருச்சுனனும் காவல் நின்று ஊட்டினர். தப்பி ஓடியவை தீக்கே திருப்பப்பட்டன. வடமொழி மூலம் எரியாது எஞ்சியோரை எண்ணிக் காட்டுகிறது: தட்சகன் மகன் அசுவசேனன், மயன், சார்ங்கப் பறவைக் குஞ்சுகள் நான்கு. ஆக 6 உயிர்கள். காட்டின் துயரை இனி இவர்கள் வழியாக மட்டுமே அறிய முடியும்.

அவருள் பறவைகளின் கதையே நுட்பமானது. தந்தை மந்தபாலன் பறவை வடிவெடுத்த முனிவன். அவன் இலபிதை என்னும் மற்றொரு பெட்டையுடன் சென்றுவிட்டான். தீ நெருங்குகையில் தாய் சரிதை, சிறகு முளைக்காத குஞ்சுகளை எலிவளையில் ஒளிந்துகொள்ளுமாறு வேண்டுகிறாள். எலிக்கு இரையாவதினும் எரிவதே மேல் என அவை மறுக்கின்றன. எலியைப் பருந்து கொண்டுபோயிற்று என்று அவள் சொல்லியும் நம்பவில்லை. ‘நீ பறந்து போ, வேறு மக்களைப் பெறுவாய்’ என்பதே அவை தாய்க்குச் சொல்லும் தேறுதல். பிள்ளைகள் தாயைத் தேற்றுகின்றனர். அத்தேறுதலோ உறவை அறுத்துக்கொள்ளும் சொல்லாக இருக்கிறது. ஒப்பாரி மரபில் பழகிய செவிக்கு இது விந்தையாகப் படலாம். ஆயினும் சாவின் விளிம்பில் வேறு எந்தச் சொல் அத்தாயைப் பறக்கச் செய்திருக்கும்?

குஞ்சுகள் பிழைப்பது தம்மை எரிக்க வந்தவனைத் துதித்தே. தந்தையும் முன்னரே அக்கினியைத் துதித்து உறுதிமொழி பெற்றிருந்தான். தீத் தணிந்தபின் சரிதை அழுதுகொண்டு வந்து ஒவ்வொரு குஞ்சாகத் தழுவுகிறாள். மந்தபாலன் வந்து பேசும்போதோ எவரும் மறுமொழி கூறவில்லை. பிறகு வாய்திறக்கும் சரிதை, இலபிதையிடமே போகுமாறு குத்திப் பேசுகிறாள். ஆறுதல் இங்கே இன்மொழியாக வருவதில்லை. மௌனமாகவும் சினமாகவும் வந்து, மெல்லவே உறவாகிறது. இறுதியில் அக்குடும்பம் அந்நிலத்தை விட்டு வேறு நாடு செல்கிறது. எரிந்த காடு தளிர்த்ததாகக் கவிஞர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஐராவதி கார்வே தம் ‘யுகாந்தா’வில் காண்டவ தகனத்தை, குடியேற்றத்திற்காக நிகழ்ந்த படுகொலையாகக் கண்டார். துணிவான வாசிப்பு அது, இன்றும் வலுவிழக்கவில்லை. எனினும் படுகொலை என்று பெயரிட்டவுடன் பார்வை கொன்றவர்மேல் நிலைத்துவிடுகிறது. எஞ்சியோரின் நாள்கள் அப்பெயருக்குள் அடங்குவதில்லை.

மற்ற இருவரும் பாரதத்தை விட்டு விலகுவதில்லை. மயன் உயிர்க்கடனாக மண்டபம் கட்டித் தருகிறான். வில்லிபாரதத்தில் ஆதிபருவத்தின் இறுதிச் சருக்கம் காண்டவ தகனம். அடுத்த சபாபருவம் அம்மண்டபத்தோடு தொடங்குகிறது. சாம்பலுக்கும் மாளிகைக்கும் இடையே ஓர் ஏடுதான். அம்மண்டபத்தில் துரியோதனன் இடறி விழுந்தபோது திரௌபதி சிரித்தாள் என்பது மக்கள் வழக்கு. அச்சிரிப்பு சூதுக்கும், சூது விரித்த கூந்தலுக்கும் இட்டுச்செல்கிறது. மேலச்சேரியில் வணங்கப்படும் தெய்வத்தின் துயருக்கு ஒரு வேர், எரிந்த காட்டில் இருக்கிறது.

அசுவசேனனின் வழி வேறு. அவனை விழுங்கிக் காக்க முயன்ற தாயின் தலையை அருச்சுனன் அம்பு கொய்தது. அத்துயர் ஆறவேயில்லை, கன்னனின் நாகக்கணையாகத் திரும்பி வருகிறது. கன்னன் கதை தெருக்கூத்தில் விடியவிடிய ஆடப்படுவது. காண்டவம் செஞ்சிக் களத்திற்கு வருவது பெரும்பாலும் இப்பாம்பின் உருவில்தான். அக்கணை அருச்சுனனின் மகுடத்தை வீழ்த்தும்போது, தாயிழந்த மகனாக அதனைக் காண்போர் எத்தனை பேர்?

பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என நாள்கள் கழிந்தபின் படுகளம் நிகழ்கிறது. மண்ணால் வனைந்து கிடத்திய துரியோதனன் உருவை மிதித்துத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. பகைவனுக்கும் அங்கே ஒப்பாரி எழுவதுண்டு. மாலையில் தீமிதி. வெட்டிய கட்டைகளை எரித்துப் பரப்பிய தணல்குழிக்கு மக்கள் இட்ட பெயர் பூக்குழி. அதனைக் கடந்தவர் கால் வைக்கும் இடம் பால்குழி. தீயைப் பூவாக்கவும் பாதத்தை ஆற்றவும் இச்சடங்கு அறியும். ஆறுதல் என்னும் சொல் தன் முழுப்பொருளில் நிகழும் இடம் இது. எனினும் அங்கு ஆறுவது திரௌபதியின் துயர்; அவள் வழியாக அடியவர் துயர். தட்சகன் மனைவிக்குப் படுகளத்தில் மண்ணுரு வனையப்படுவதில்லை. தருமர் முடிசூட்டோடு விழா முடியும் நாளில், சார்ங்கப் பறவைகள் முன்னரே வேறு நாடு சேர்ந்திருக்கின்றன.