பாயிரமும் இணைய முகப்பும்

நூலினுட் புகுவார்க்கு வழிகாட்டுவது பாயிரம். பவணந்தியார் நன்னூலில் அதனைப் பொது, சிறப்பு என இரண்டாகப் பகுப்பர். நூலின் இயல்பு, ஆசிரியர், மாணாக்கர் என எல்லா நூற்கும் ஏற்பன பொதுப்பாயிரத்தின்பாற்படும். ஆக்கியோன், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியன தனி நூலுக்குரிய சிறப்புப்பாயிரத்துள் அடங்கும். இப்பகுப்பைக் கொண்டு இக்கால நூலக இணையதளங்களின் முகப்பை ஆராய்தல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதே எம் துணிபு.

காவிரிக்கரைத் தலபுராணம் ஒன்றன் பழைய அச்சுப்பதிப்பைத் தேடி அண்மையில் நூலகத் தளம் ஒன்றனுட் புகுந்தோம்; அதன் பெயர் ஈண்டு வேண்டா. முகப்பிற் கட்டட நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வாழ்த்துரைகளும் விழாச் செய்திகளும் அவற்றைத் தொடர்ந்தன. தேடற்பெட்டி பக்கத்தின் அடியிற் கிடந்தது. அதில் 'தலபுராணம்' எனப் பொறித்தபோது எம் நூல் அகப்பட்டிலது. பழைய பதிப்பாளர் பலர் 'ஸ்தலபுராணம்' என்றே அச்சிட்டனர் என்பதைத் தளம் அறியாது. இவ்வாறு அகப்படாத நூலை இளம் ஆய்வாளர் 'கிடைத்திலது' என்று தம் ஆய்வேட்டில் எழுதிவிடின், அடுத்து வருவோர் அதனைத் தேடவும் மாட்டார். இழப்பு அங்கே தொடங்குகின்றது.

தஞ்சைக்கு இச்சிக்கல் புதிதன்று. சரசுவதி மகால் நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னல் வகுத்த பொருள்வகை அட்டவணை 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. எக்கட்டு எவ்விடத்தில் உளது என்பது காப்பாளர் கணக்கு. வேதமோ மெய்யியலோ நாடகமோ என்பது நாடி வருவான் வினா. பர்னல் பின்னதனையே தலைமையாகக் கொண்டார். 1880 முதல் 1903 வரை குடந்தைக் கல்லூரியிற் பணியாற்றிய உ. வே. சாமிநாதையரும் அவ்வாறே செய்தார். ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி என அவர் பதிப்புகளிற் காண்பன புலமையின் காட்சிப்பொருள்கள் அல்ல. நூலுக்குப் புதியோன் புகுதற்கமைந்த வாயில்கள்.

இனி, இணையத்திற்கே உரிய வேறுபாடு ஒன்றுண்டு. அச்சுநூலை முதலேட்டில் திறப்போம். தளத்திற்கு வருவாரோ பெரும்பாலும் தேடுபொறி வழியே நேரே உட்பக்கத்தில் இறங்குவர்; முகப்பைக் காணவே மாட்டார். மன்னார்குடிப் பக்கத்து உழவர் பாமணியாற்று நீரைத் தம் வாய்க்கால் மதகிற் பார்ப்பாரேயன்றிக் கல்லணைக்குச் சென்று பார்ப்பதில்லை. ஆகவே உட்பக்கம் ஒவ்வொன்றற்கும் சிறப்புப்பாயிரம் வேண்டும். நம் தளத்தாரோ பொதுப்பாயிரத்தையே மீண்டும் மீண்டும் பாடுகின்றனர். முகப்பு அழகாக இருத்தல் வேண்டாவோ எனக் கேட்பாரும் உளர். இருக்கட்டும், தேடற்பெட்டியை அழகு மறைத்தல் ஆகாது. அனைத்து இணைப்புகளையும் முகப்பிலேயே குவிப்பதும் இதே பிழையின் மறுபக்கம்.

யாம் தேடிய புராணம் இறுதியில் அதே தளத்தில், தேடுபொறி வாயிலாகவே கிடைத்தது. அப்பக்கத்தில் இருந்தவை நூற்பெயரும் ஒரு வரிசை எண்ணுமே. பதிப்பாசிரியர் யார், எவ்வாண்டுப் பதிப்பு, எத்தனை ஏடுகள் சிதைந்தன என்னும் குறிப்பு ஒன்றும் இல்லை. நூலின் தலைப்பேடும் கிழிந்திருந்தது. அது முதற்பதிப்போ மறுபதிப்போ என்பதை அறிய, கையிலிருந்த பிறிதொரு படியோடு பக்கம் பக்கமாக ஒத்துப்பார்க்க வேண்டியதாயிற்று.