ஃபேனி கெம்பிளின் ஜார்ஜியா நாட்குறிப்பு

ஆங்கில நடிகை ஃபேனி கெம்பிளைப் (1809–1893) பற்றி எழுதுவோர், 1829-இல் கோவண்ட் கார்டன் அரங்கில் ஜூலியட்டாகத் தோன்றி அவர் பெற்ற புகழையே விரித்துரைப்பர். அவர்தம் எழுத்தாற்றலோ, 1838–39-இல் ஜார்ஜியாவில் கணவர் பியர்ஸ் பட்லர் குடும்பத்தின் நெல், பருத்திப் பண்ணைகளில் தங்கியபோது எழுதிய நாட்குறிப்பிலேயே முழுமையாக வெளிப்படுகிறது. தோழி எலிசபெத் செட்ஜ்விக்கை விளித்த மடல்களாக அது அமைந்துள்ளது.

பிள்ளைப்பேற்றுக்குப்பின் மூன்றே வாரத்தில் வயலுக்குத் திரும்ப வேண்டிய அடிமைப் பெண்கள், ஒரு மாத ஓய்வு வேண்டி அவரிடம் முறையிடுகின்றனர். இன்னார் இத்தனை மக்களை ஈன்றார், இத்தனை பேரை இழந்தார் எனப் பெயரும் எண்ணுமாகவே அவர் பதிவு செய்கிறார். மேடைக்குரிய உணர்ச்சிப் பெருக்கு அங்கு இல்லை. நூலின் உச்சம் இப்பட்டியலே எனலாம். கறுப்பினத்தவரின் தோற்றத்தை வருணிக்குமிடங்களில் அக்கால இன மேட்டிமை தலைகாட்டுவதையும் மறைப்பதற்கில்லை.

இத்தகைய முறையீடுகளை இனித் தம்மிடம் கொண்டுவரலாகாது எனப் பட்லர் தடுத்தார். 1849-இல் மணமுறிவு ஏற்பட்டது. நாட்குறிப்பு 1863-இல்தான் அச்சேறியது. மகள்கள் இருவரும் தந்தையின் பொறுப்பில் வளர்ந்தமையை இத்தாமதத்தோடு இணைத்தே நோக்குதல் வேண்டும். அதற்குள், 1859-இல், அப்பண்ணைகளின் அடிமைகள் 400-க்கும் மேற்பட்டோர் சவன்னாவில் ஏலத்தில் விற்கப்பட்டுவிட்டனர்.